சக்கரப் படகின் அகலம்: 9 அடியா, 14 அடியா?

கேள்வி: கடல்நீரேரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓட, இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம் பூட்டிய பழைய பைபர் படகு ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறேன். தரகர் 14 அடி அகலம் என்கிறார். படகின் பழைய கடதாசியில் 9 அடி என்று இருக்கிறது. பதிவுப் படிவத்தில் அகலத்துக்கு ஒரே ஒரு கட்டந்தான் உண்டு. எதை எழுதுவது? (காரைநகர் வாசகர்)

பதில்: 9 அடியை எழுதுங்கள். தரகர் சொல்லும் 14 அடியும் பொய்யல்ல, ஆனால் அது படகின் உடம்பு அல்ல. ஒரு பக்கத்துச் சக்கரம் 1 அடி 9 அங்குலம், உடம்புக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி 3 அங்குலம், வெளிச்சட்டமும் சக்கரத்தை மூடும் பெட்டியும் 6 அங்குலம் என்று வைத்தால் பக்கத்துக்கு 2½ அடி. இரண்டு பக்கமும் சேர்ந்து 5 அடி கூடிவிடும்.

இரு பக்கமும் சக்கரம் பூட்டிய நீராவிக் கப்பல்களுக்கும் இப்படி இரண்டு அகலம் உண்டு. 1858இல் நீரில் இறங்கிய ‘கிரேட் ஈஸ்டர்ன்’ உடம்பளவில் ஏறத்தாழ 25 மீற்றர், சக்கரப் பெட்டிகளோடு 36 மீற்றர். ஸ்கொட்லாந்தின் ‘வேவர்லி’ உடம்பளவில் சுமார் 30 அடி, பெட்டிகளோடு 57 அடி. பதிவுக்கு எடுத்தது உடம்பைத்தான். இது பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பிரித்தானியாவில் தொன் கணக்கு, அதாவது கப்பலின் கொள்ளளவு, பார்க்கும்போது அகலத்தை அகலத்தாலேயே பெருக்கினார்கள். பெட்டியையும் சேர்த்திருந்தால் சரக்கு ஏற்ற முடியாத இடத்துக்கெல்லாம் துறைமுக வரி கட்ட வேண்டி வந்திருக்கும். கப்பல்களின் தொன் அளவு பற்றிய 1969ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கைப்படி இரும்புக் கப்பலுக்குத் தகட்டின் உட்பக்கம், அதாவது வங்கின் (விலா எலும்பு போன்ற சட்டத்தின்) வெளிவிளிம்பு வரை அளப்பார்கள். மரத்துக்கும் பைபருக்கும் வெளித்தோல்வரை. உங்களுடையது பைபர், ஆகவே வெளித்தோல்.

கடதாசியில் உள்ள 9 சரியா என்று நீங்களே அளந்து பாருங்கள். அளக்கும்போது ஒரு சிக்கல் வரும். உடம்பு அதிகம் அகன்ற இடத்தில்தான் சக்கரமும் நிற்கும். அளவு நாடாவை மேல்தட்டில் போட்டு இழுத்தால் தட்டின் வளைவும் சேர்ந்துவிடும். படகைக் கரையில் ஏற்றி, தண்ணீர் ரியூப்பால் இரு விளிம்பையும் மட்டம் பாருங்கள். பெட்டிக்குச் சற்று முன்னால் உடம்பின் இரு பக்கத்திலும் நேரான கம்பு ஒவ்வொன்றை முட்ட நிறுத்தித் தூக்குக்குண்டால் செங்குத்தாக்குங்கள். கம்புகளுக்கு இடையில் மேலேயும் கீழேயும் அளந்தால் ஒரே எண் வரவேண்டும். வராவிட்டால் கம்பு சரிந்து நிற்கிறது. பெட்டிக்குப் பின்னாலும் இப்படியே அளந்து பாருங்கள். நடுப்பகுதிக்கு உள்ளிருந்து அளந்து, இரு பக்கத் தோலின் தடிப்பையும் கூட்டுங்கள். தடிப்பை அச்சுத்தண்டு வெளியே போகும் துளையில் பார்க்கலாம். மூன்றில் பெரியதே உங்கள் அகலம். பக்கத்தில் கட்டிய ரயர் கணக்கில் இல்லை.

ஒரு விதிவிலக்கு. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உடம்பிலிருந்து வெளியே நீட்டிய பக்கச் சிறகு இருக்கும். அது வெறும் சட்டமும் பலகையுமென்றால் சேராது. நீர் புகாதபடி மூடி, பாரம் ஏற்றியபின் தண்ணீருக்குள் இறங்கி மிதப்புத் தருமென்றால் அது உடம்பின் பகுதி, சேர்க்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெளியில் பைபர் பூசினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அடியில் வடிதுளை இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். துளை இருந்தால் உள்ளே கடல் போய் வரும், அது உடம்பு அல்ல. புதிதாகப் பூசிய வட்டத் தழும்பு தெரிந்தால் துளையை விற்பனைக்காக அடைத்திருக்கலாம்.

தரகர் 14ஐப் பிடித்துக்கொண்டு நிற்பது விலைக்காகவும் ஆள் எண்ணிக்கைக்காகவும். இதில்தான் உயிராபத்து இருக்கிறது. படகைச் சாயாமல் நிமிர்த்தும் பலம் நீர்மட்டத்து அகலத்தை மூன்று தரம் பெருக்கிய அளவுக்கு ஏறும்: 9க்கு 729, 14க்கு 2744. கிட்டத்தட்ட நாலு மடங்கு பலம் இருப்பதாகக் கணக்குக் காட்டி, சக்கரப் பெட்டிமேல் ஆசனம் அடித்துச் சனத்தை ஏற்றுவார்கள். எல்லோரும் படமெடுக்க ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தச் சக்கரம் ஆழ்ந்து, மற்றது வெளியே கிளம்பிச் சும்மா சுற்றும். படகு சரிந்தபடியே திரும்பும். பெட்டிமேல் ஆசனம் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

14 அடி வேறு இடங்களில் தேவைப்படும்: களங்கண்டிகளுக்கு (கடலில் கம்பு நட்டுக் கட்டிய மீன்பொறிகளுக்கு) இடையால் போகையில், பாலக் கண்ணுக்குள் நுழைகையில், இறங்குதுறையில் கட்டுகையில், லொறியில் ஏற்றுகையில். ஓட்டுபவரின் கண்முன்னே அந்த எண்ணைப் பெயின்ரால் எழுதி வையுங்கள்.

படிவத்தில் இரண்டாவது கட்டம் ஏன் இல்லை என்று கேட்டால் ‘உள்ளதை நிரப்புங்கள்’ என்பதே பதிலாக வரும். அளவே தெரியாத ஒருவர் படிவம் அடிக்க, அதைப் பார்த்து இன்னொருவர் படகை ஓடவிடுகிறார். நீங்கள் கட்டத்தில் ‘9 அடி, உடம்பின் வெளித்தோல்வரை’ என்றே எழுதுங்கள். ‘சக்கரப் பெட்டிகளுடன் 14 அடி’ என்பதைத் தனிக் கடிதத்தில் அளவுப் படத்தோடு இணைத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வெறும் ‘14’ என்று நிரப்பி வைத்த படிவத்தைத் தரகர் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். நாளை கணக்குப் பிழைத்தால் அதில் இருப்பது உங்கள் கையெழுத்து.