தொலைக்காட்சியோடு இணைக்கும் பாவித்த கணினிக்கு எந்த இயங்குதளம்?

கேள்வி: தொலைக்காட்சியுடன் இணைத்துப் படங்களும் பாட்டுகளும் பார்ப்பதற்காகப் பாவித்த கணினி ஒன்றை வாங்க இருக்கிறோம். இன்டெல் ஐ5, ஆறாம் தலைமுறை, 8 ஜிபி நினைவகம். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய வெளி வன்தட்டில் எங்கள் வீட்டு வைபவங்களின் ஒளிப்பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. விண்டோஸ் 11 போட்டுத் தருவதற்குக் கடைக்காரர் மேலதிகமாக 8,000 ரூபா கேட்கிறார். லினக்ஸ் இலவசம், அதுவே போதும் என்று அயலிலுள்ள பிள்ளை ஒருவர் சொல்கிறார். எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி நின்று வரும். எது பழுதில்லாமல் ஓடும், எது செலவு குறைவு?
(வாசகி, தருமபுரம், கிளிநொச்சி)

பதில்: அந்த 8,000 ரூபாவைக் கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் செயலி தேவை என்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விதி. ஆறாம் தலைமுறைக் கணினியில் அதைப் போடுவதாயின், நிறுவும்போது நடக்கும் செயலிச் சோதனையைத் தாண்டித்தான் போட வேண்டும். அப்படிப் போட்ட கணினிக்கு இற்றைப்படுத்தல்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று அந்த நிறுவனம் பொறுப்பேற்பதில்லை. கடைக்காரர் வாங்குகிற பணம் உண்மையான உரிமத்துக்கா, உரிமப் பூட்டை உடைக்கும் மென்பொருளை ஏற்றிவிடுகிற வேலைக்கா என்பதையும் நேரே கேளுங்கள். அத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டே உள்ளே நுழைகின்றன.

அலுவலகங்களிலிருந்து கழித்து இறக்குமதியாகும் பெரிய நிறுவனக் கணினிகள் பலவற்றில், விண்டோஸ் உரிமம் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். அதே வகை விண்டோஸ் 10ஐ நிறுவி இணையத்தில் இணைத்தால் காசு கேட்காமல் தானாகவே செயற்பாட்டுக்கு வந்துவிடும். எனினும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளருக்கு அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு நீடிப்பும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். இன்று வாங்குகிற பொருளை அதை நம்பி வாங்க முடியாது.

உங்கள் தேவைக்கு நான் பரிந்துரைப்பது லிப்ரெஎலெக். கோடி என்ற ஊடக மென்பொருளை இயக்குவதற்கென்றே அமைக்கப்பட்ட, முற்றிலும் இலவசமான லினக்ஸ் வகை இது. கணினியைப் போட்டவுடன் படம், பாட்டு, ஒளிப்படம் என்ற பட்டியல் நேரே தொலைக்காட்சித் திரையில் வந்து நிற்கும். இதன் உறுதிக்குக் காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது: இயங்குதளம் முழுவதும் வாசிக்க மட்டுமே இயலும் ஒரே கோப்பாகப் பொதிந்து வைக்கப்பட்டிருப்பதால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றாலும் அந்தக் கோப்பில் எதுவும் பாதி எழுதப்பட்ட நிலையில் கிடந்து கெடுவதில்லை. விண்டோஸோ பின்னணியில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. இற்றைப்படுத்தல் நடக்கும் வேளையில் மின்சாரம் போனால் மறுபடி எழும்புவதற்குச் சிரமப்படலாம். மாரி காலத்தில் மரக்கிளை கம்பியில் முறிந்து விழுந்து, ஒரே மாலையில் பலமுறை மின்சாரம் போய் வரும் எங்கள் பகுதிக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. தரவுச் செலவும் அப்படியே. லிப்ரெஎலெக் முழுவதுமே சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். விண்டோஸின் பெரிய இற்றைப்படுத்தல்கள் கிகாபைட் கணக்கில் இறங்கும், வீட்டுப் பதிப்பில் அவற்றைத் தள்ளிப்போடலாமே தவிர அறவே நிறுத்த முடியாது.

ஆனால் மூன்று விடயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். லிப்ரெஎலெக்கை நிறுவும்போது தெரிவுசெய்த வட்டு முழுவதும் அழிக்கப்படும். ஆகவே மகன் அனுப்பிய வன்தட்டைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும், இதில் கவனக்குறைவுக்கு இடமேயில்லை. அடுத்து, அதில் எழுத்து வேலை செய்யும் மென்பொருளோ வழமையான இணைய உலாவியோ கிடையாது. பிள்ளைகளின் படிப்புக்கும் இதே கணினிதான் என்றால், வழமையான கணினி வேலைகளுக்கும் உதவும் லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட் 22ஐப் போட்டு, அதற்குள் கோடியை நிறுவிக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம், 2029 வரை ஆதரவு உண்டு. மூன்றாவதாக, நெட்பிளிக்ஸ் போன்ற கட்டணச் சேவைகள் லிப்ரெஎலெக்குக்கு அதிகாரபூர்வ ஆப் தருவதில்லை. அவைதான் முக்கியம் என்றால், தொலைக்காட்சியிலேயே அந்த ஆப் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இந்தக் கணினியே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் கோடியில் முதலில் வெறும் கட்டங்களாகத் தெரியக்கூடும். தோற்ற அமைப்புக்குள் சென்று எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

மிச்சமாகும் 8,000 ரூபாவை, மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் மின் வழங்கும் யூபிஎஸ் கருவி ஒன்றின் பக்கம் திருப்புங்கள், ஏனெனில் இயங்குதளம் தப்பினாலும் வன்தட்டு தப்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பெரிய வகை வெளி வன்தட்டுகளுக்குத் தனியான மின் இணைப்பு இருக்கும். கணினியை யூபிஎஸ்ஸிலும் வன்தட்டைச் சுவர்ச் செருகியிலும் போட்டு வைத்திருக்கிற வீடுகள் பல. மின்சாரம் போனதும் கணினி ஓடிக்கொண்டிருக்க, வன்தட்டு மட்டும் சட்டென்று நிற்கிறது. வைபவ ஒளிப்பதிவுகள் இருக்கும் பொருளுக்கு நேரக்கூடாதது அதுதான். இரண்டையும் யூபிஎஸ்ஸிலேயே இணையுங்கள். அந்த ஒளிப்பதிவுகளின் இன்னொரு பிரதி வேறொரு தட்டில், வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஒளிப்பதிவுகளில் ஒன்றைப் பென்ரைவில் கொண்டு போய், பணம் கொடுக்க முன்னரே கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஆறாம் தலைமுறைச் செயலி சாதாரண எச்டி படங்களைத் தடையின்றிக் காட்டும். 4கே என்ற மிக உயர்ந்த தெளிவில், நிறங்களை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் படங்கள் வேண்டுமெனில் ஏழாம் தலைமுறையிலிருந்தே அதற்கான வன்பொருள் வசதி முழுமையாக உண்டு, விலை வித்தியாசம் சிறிதானால் அதையே வாங்குங்கள். பற்றுச்சீட்டில் செயலியின் பெயரும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

கேள்வி: இதே வேலைக்கு ராஸ்பெரி பை என்ற கையடக்கச் சிறு கணினி போதாதா? மின்கட்டணம் குறையும் என்கிறார்களே?
(வாசகர், மல்லாவி)

பதில்: படம் பார்ப்பது மட்டுமே நோக்கமாயின் போதும், லிப்ரெஎலெக் அதிலும் ஓடும். பழைய மேசைக் கணினி 40 வாற்று எடுக்கிறது என்று வைத்து, நாளுக்கு 5 மணித்தியாலம் ஓட்டினால் மாதத்துக்கு 6 அலகு. ராஸ்பெரி பையில் அது ஓர் அலகு அளவுக்குள் நிற்கும். மாதம் 40 அலகு பாவிக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் உங்கள் மின்பட்டியல் 57, 58 அலகில் நிற்பதாயின், 60ஐத் தாண்டியவுடன் முழுப் பாவனைக்குமே வேறு கட்டண அட்டவணை பொருந்தும் என்பதால், அந்த ஐந்து அலகே ராஸ்பெரி பை வாங்குவதற்குப் போதிய காரணம். வாங்கும் முன் கடந்த சில மாதப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். மின்வழங்கி, பெட்டி, நினைவக அட்டை ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள், ஏனெனில் கடைகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் வெறும் பலகையின் விலைதான்.