உடலுறவுக்குப் பிறகு அந்தரங்கப் பகுதியில் எரிச்சலும் அரிப்பும் வருகிறதே, இது பால்வினை நோயா?

எனக்கும் முதல் தடவை இதே பயம்தான். திருமணமாகி இரண்டு வருடம், இருவருக்கும் வேறு தொடர்பு கிடையாது. ஆனாலும் முடிந்த கையோடு தொடை இடுக்கிலும் உறுப்பின் தோலிலும் மிளகாய் அரைத்துத் தடவிய மாதிரி எரிச்சல். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

நாங்கள் இருப்பது மும்பை மாதுங்காவில். இங்கே மெடிக்கல் ஷாப்காரர் முதல் பூக்கார அம்மா வரை எல்லோருக்கும் தமிழ் புரியும். அதனாலேயே ரயிலேறி குர்லாவில் இறங்கி, ‘குஜ்லி’ (அரிப்பு) என்ற ஒரே இந்திச் சொல்லை வைத்து ஒரு டியூப் வாங்கினேன். மூன்று நாளில் அரிப்பு போயிற்று. நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக, வளையம் வளையமாகத் திரும்பி வந்தது. அவளுக்கும் வந்துவிட்டது.

அப்புறம்தான் தோல் டாக்டர். எங்கள் இருவரையும் சேர்த்தே பார்த்தார். படர்தாமரை, அதாவது தோலில் வரும் பூஞ்சைத் தொற்று. மழைக்காலம் முழுக்க ஈர உள்ளாடையோடு லோக்கல் ரயிலில் போய் வந்தால் வேறென்ன வரும்? நான் வாங்கிய டியூபில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. அது அரிப்பை அடக்கிவிட்டு, உள்ளே பூஞ்சையைப் பரவ விடும்; அங்குள்ள மெல்லிய தோலை இன்னும் மெலிய வைக்கும். பிறகு சாதாரண உரசலே எரியும். தோல் முன்பே கெட்டிருந்தது, உடலுறவு அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

உங்களுக்கும் இதுவேதான் என்று சொல்ல மாட்டேன். எரிச்சல் எப்போது தொடங்குகிறது என்று கவனியுங்கள். உடனே எரிந்து ஓரிரு நாளில் தானாக ஆறினால், ஈரப்பசை போதாமல் ஏற்பட்ட உராய்வாக இருக்கலாம். தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் (வழுவழுப்புக்குத் தடவும் ஜெல்) உதவும். (தேங்காய் எண்ணெய் லேடக்ஸ் என்ற ரப்பரில் செய்த ஆணுறையைக் கெடுத்துவிடும், இரண்டையும் சேர்க்காதீர்கள்.) ஆணுறை போடும் நாட்களில் மட்டும் வந்தால் லேடக்ஸ் ஒவ்வாமையோ, அதில் தடவியிருக்கும் வாசனைப் பொருளோ, விந்துக்கொல்லி மருந்தோ காரணமாகலாம். பாலியூரித்தேனில் செய்த ஆணுறை கிடைக்கிறது, மாற்றிப் பாருங்கள். முன்தினம் சவரம் செய்திருந்தால் அதுவும் எரியும். வாசனை சோப்பும் ‘அந்தரங்க வாஷ்’ வகையறாவும் வேண்டவே வேண்டாம். வெறும் தண்ணீர் போதும்.

பெண்களுக்குத் தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருந்தால் கேண்டிடா பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். ஆண்களுக்கு முன்தோல் சிவந்து வெடித்து, அடிக்கடி திரும்பி வந்தால் ஒருமுறை சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். சிலருக்கு நீரிழிவு இருப்பதே இப்படித்தான் தெரியவருகிறது.

நீர்க்கொப்புளம், புண், சீழ், துர்நாற்றம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்று வலி என்று ஏதாவது இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. ஹெர்பிஸ் என்ற பால்வினைத் தொற்றின் கொப்புளங்கள் பொதுவாகத் தொற்றிய 2 முதல் 12 நாட்களுக்குள் தலைகாட்டும். ஆனால் சில பால்வினைத் தொற்றுகள் எந்த அறிகுறியும் காட்டாது. சந்தேகமிருந்தால் பரிசோதனை ஒன்றுதான் வழி. வெட்கமாக இருந்தால், பெரிய அரசு மருத்துவமனைகளில் ‘சுரக்ஷா கிளினிக்’ என்று இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

எங்களுக்குக் குணமாகச் சில வாரங்கள் பிடித்தன. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை, தனித்தனித் துண்டு, அதுவரை விலகியிருத்தல். நீங்களும் ஏதாவது டியூப் போட்டிருந்தால் அதைக் கையோடு எடுத்துப் போங்கள். எங்கள் டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்.