பதில்: சராசரிப் பிழை 4 மீட்டர்தான், ஆனாலும் அணி கலைகிறது

சிமுலேஷனில் அணியாகச் சேர்ந்து பறக்கும் நான்கு செயற்கைக்கோள்களின் சராசரி இடப்பிழை (இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகல்) 4 மீட்டர்தான், ஆனால் உந்துவிசையை நிறுத்தினால் ஒரே நாளில் அணி சிதறிவிடுகிறது என்கிறீர்கள். அந்தச் சராசரிதான் உங்களை ஏமாற்றுகிறது.

பிழையை ஆரத்திசை (பூமியின் மையத்தை நோக்கிய மேல்-கீழ்த் திசை), பயணத்திசை, பக்கவாட்டு என்று பிரித்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றல்ல. அரை நெட்டச்சில் (நீள்வட்டப் பாதையின் நீண்ட விட்டத்தில் பாதி; ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் இதைப் பொறுத்தது) இரண்டு செயற்கைக்கோள்களுக்கிடையே வெறும் 10 மீட்டர் வித்தியாசம் இருந்தாலே, ஒரு சுற்றுக்கு 3π மடங்கு, அதாவது சுமார் 94 மீட்டர், பயணத்திசையில் விலகல் சேரும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 சுற்று, கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர்! அதனால் இன்றைய இடப்பிழையைவிட அரை நெட்டச்சு வித்தியாசத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், நான்கு செயற்கைக்கோள் என்றால் வடிவத்துக்கும் மதிப்பெண் வேண்டும். 2015-இல் ஏவப்பட்ட நாசாவின் எம்எம்எஸ் (பூமியின் காந்தமண்டலத்தை ஆராயும் நான்கு செயற்கைக்கோள்கள்) திட்டத்தில், அணியின் கன அளவை அதே சராசரிப் பக்கமுள்ள ஒழுங்கான நான்முகியோடு (நான்கு சம முக்கோண முகங்கள் கொண்ட கனவடிவம்) ஒப்பிட்டார்கள். நான்கும் ஒரே தளத்தில் விழுந்தால் மதிப்பெண் பூஜ்யம். இடைவெளியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

எரிபொருள் செலவையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஓயாமல் உந்தினால் யாரும் 4 மீட்டர் காட்டலாம்.