மதுவில்லாத க்ளெக்: ஸ்வீடனின் உப்சாலாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் ஞாயிறு ஒன்றில் அலுவலக நண்பர்களை வீட்டுக்கு அழைக்க ஆசை, ஆனால் வீட்டில் மது வைப்பதில்லை, மசாலா போட்டுச் சூடாகக் குடிக்கும் வைனான க்ளெக் இல்லாமல் கூப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கூப்பிடுங்கள், க்ளெக் வைத்தே கூப்பிடுங்கள். மதுவில்லாத க்ளெக் இங்கே சாதாரணம். குழந்தைகளுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அதைத்தான் கொடுப்பார்கள்.

கடையில் வாங்குவதானால் புட்டியைப் படித்துப் பாருங்கள். 2.25 சதவீதத்துக்கு மேல் மது இருப்பவை அரசின் சிஸ்டம்பொலாகெத் கடையில்தான் கிடைக்கும். ஆனால் மளிகைக் கடை அலமாரியிலும் 2.2 சதவீத வகை நிற்கும். 'அல்கூல்ஃப்ரி' (alkoholfri, மதுவில்லாதது) என்று போட்டிருந்தால் எடுங்கள்.

நான் வீட்டில் செய்யத்தான் சொல்வேன். பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்கு எல்லாம் உங்கள் அடுக்களையிலேயே இருக்கும். இங்கத்தவர்கள் பொமெரான்ஸ் என்ற கசப்பு ஆரஞ்சின் காய்ந்த தோலையும் சேர்ப்பார்கள். கிடைக்காவிட்டால் சாதா ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் சீவிப் போடுங்கள்.

பத்துப் பேருக்கு 3 டெசிலிட்டர் (300 மி.லி.) தண்ணீரில் 2 பட்டை, 10 கிராம்பு, தட்டிய ஏலக்காய் 10, உடைத்த சுக்கு ஒரு துண்டு, ஆரஞ்சுத் தோல் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். இந்த ஊறல்தான் முக்கியம், அவசரப்படுத்தினால் வெறும் பழச்சாறாகத்தான் இருக்கும். சுக்கைப் பொடியாகப் போடாதீர்கள், கலங்கிவிடும். மறுநாள் வடிகட்டி, கருந்திராட்சை போலிருக்கும் ஸ்வார்த்வின்பேர் பழத்தின் சாஃப்டை (தண்ணீர் கலந்து குடிக்கும் கெட்டியான இனிப்புப் பழச்சாறு), புட்டியில் சொன்னதைவிடக் கொஞ்சம் கெட்டியாக ஒரு லிட்டர் கரைத்துச் சேருங்கள். சாஃப்டிலேயே இனிப்பு இருப்பதால் சர்க்கரை வேண்டியிருக்காது. ஆவி வரும்வரை சூடாக்கினால் போதும், கொதித்தால் வாசனை போய்விடும்.

சின்னக் கோப்பைகளில் உலர்திராட்சையும் தோலுரித்த பாதாமும் போட்டு மேலே ஊற்றி, கரண்டியோடு கொடுங்கள். தொட்டுக்கொள்ள பெப்பர்காக்கா பிஸ்கட். டிசம்பர் 13, லூசியா நாளை ஒட்டி அழைத்தால் குங்குமப்பூ போட்ட லுஸ்ஸெகத்தர் பன்னும் வாங்குங்கள். முறுக்கு வைத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். ஆனால் நம் வழக்கப்படி பிரியாணி, குழம்பு என்று அடுக்க வேண்டாம். க்ளெக்குக்கு அழைத்தால் சாப்பாட்டை எதிர்பார்த்து வரமாட்டார்கள். 3 முதல் 5 மணி வரை என்று எழுதி அனுப்புங்கள். சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்பார்கள், அதனால் அடுப்பை முன்னாலேயே மூட்டிவிடுங்கள். அப்புறம், யாருக்காவது பாதாம் ஒவ்வாமை இருக்கிறதா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.