ஓபரா, பாலேயில் கேட்கும் ‘கீழை நாட்டு’ இசை: கேள்வி பதில்

கேள்வி (வீணை கற்கும் மாணவி): ஐயா, ‘லா பாயதேர்’ இந்தியக் கதை என்கிறார்கள். நம் ராகம் எதுவுமே காதில் விழவில்லையே?

பதில்: விழாதும்மா, அதில் இல்லை. 1877இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேறிய பாலே, அதாவது ஐரோப்பிய மேடை நடனம், அது. நடனம் மாரியஸ் பெட்டிபா, இசை வியன்னாவில் பிறந்த லுட்விக் மின்குஸ். கோயிலில் ஆடும் நிகியா, வீரன் சோலோர் என்று கதைதான் இந்தியா; இசையோ வால்ட்ஸ் என்ற மூன்று தட்டுச் சுழல் நடன மெட்டும், அடாஜியோ என்ற மெதுநடைப் பகுதியும். பாலே இசையமைப்பாளர் நடன ஆசிரியர் கேட்ட அளவுக்கு எழுதிக் கொடுத்த காலம். இந்தியாவைக் காட்டும் பொறுப்பு உடைக்கும் திரைச்சீலைக்கும் போய்விட்டது. ஆனாலும் நிழல்கள் வரும் காட்சியைத் தவறவிடாதீர்கள். வெள்ளுடைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அத்தனை அழகு!

கேள்வி (பள்ளி இசை ஆசிரியர்): பிறகு எதை வைத்துத்தான் ‘கிழக்கு’ என்று உணர்த்தினார்கள்?

பதில்: ஓபரா என்றால் பாடியே நடிக்கும் இசை நாடகம். பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் ‘சாம்சனும் தெலீலாவும்’ ஓபராவில் (ஜெர்மனியின் வைமர் நகரில் மேடையேறியது, 1877) பாக்கனால் என்ற களியாட்ட நடனத்தின் தொடக்கத்தைப் போட்டுக் கேளுங்கள். ஒபோ என்ற குழல்வாத்தியம் தனியாக, தாளக்கட்டு இல்லாமல் வளைந்து வளைந்து வரும். அதில் சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவுகிற அந்த இடைவெளி இருக்கிறதே, மாயாமாளவகௌளை ராகத்தில் சரளிவரிசை பாடும் குழந்தைக்கும் தெரிந்ததுதான். பாரிஸ்காரர் காதுக்கு அதுவே தூரதேசம். கூடவே அடியில் சுருதி மாதிரி நிற்கும் ச-ப, ஒரு டாம்பரின், ஒரு டிரையாங்கிள். காஸாவோ எகிப்தோ இந்தியாவோ, எல்லாவற்றுக்கும் இதே சாமான்கள்தான். சைகோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ பாலேயில் (1892) வரும் அரேபிய நடனத்தின் மெட்டு ஜார்ஜியத் தாலாட்டு ஒன்றிலிருந்து வந்தது. அரேபியாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கேள்வி (மன்னார் வாசகர்): பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் ‘முத்துக்குளிப்போர்’ ஓபரா எங்கள் கடலைப் பற்றியதா?

பதில்: இலங்கை என்று பெயர் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் மெக்சிகோவில் நடப்பதாக இருந்த கதை, அப்புறம் இலங்கைக்கு மாறியது! பாத்திரங்களின் பெயர் நாதிர், சுர்கா, லெய்லா, கும்பிடுவது பிரம்மாவை. 1863இல் இது பாரிஸில் மேடையேறியபோது பிசேக்கு வயது 24. நண்பர்கள் இருவரும் புல்லாங்குழல், ஹார்ப் துணையோடு பாடும் பாட்டை மட்டும் எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

கேள்வி: பாவம், அந்த ஐரோப்பிய இசையமைப்பாளர்களுக்கு நம் இசையைக் கேட்க வழி இருந்திருக்காது, இல்லையா?

பதில்: இருந்தது. என்னை வருத்துவதே அதுதான். 1838இல் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஆடும் பெண்கள் ஐவரும் இசைக்கலைஞர் மூவரும் பாரிஸுக்கும் லண்டனுக்கும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். பாடலும் தாளமும் அந்த மேடைகளிலேயே ஒலித்தன. அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே உருகி உருகி எழுதினார். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார். இருபது ஆண்டு கழித்து அதே கோத்தியே பாரிஸ் ஓபரா அரங்குக்கு ‘சகுந்தலா’ பாலேயின் கதையை எழுதினார். இசை எர்னெஸ்ட் ரேயர்; நடனம் லூசியன் பெட்டிபா, மேலே சொன்ன மாரியஸின் அண்ணன். நேரில் பார்த்தவரே எழுதியும், மேடைக்கு வந்தது பாரிஸ் பாலேதான். அம்மணியின் உருவம் அவர்கள் மனதில் தங்கியது. அவளோடு வந்த மூவரின் இசையை யாரும் பொருட்படுத்தவில்லை.

கேள்வி: புதிதாகக் கேட்பவர்கள் எதில் தொடங்கலாம்?

பதில்: பிரெஞ்சு இசையமைப்பாளர் தெலிப்பின் ‘லக்மே’ ஓபரா (1883), இரண்டாம் அங்கத்து மணிப்பாட்டு. ஆங்கிலேய அதிகாரியைச் சிக்கவைக்க, தந்தை நீலகண்டன் மகள் லக்மேயைச் சந்தையில் நிறுத்திப் பாடவைக்கிறார். முதலில் வாத்தியம் ஏதும் இல்லை, சொல்லும் இல்லை. குரல் மட்டும் அகாரத்தில் உலாவும். பிறகு ஆர்க்கெஸ்ட்ராவில் மணி சேரும். அதைக் கேட்ட கையோடு பாக்கனாலையும் கேட்டுவிடுங்கள்.