ஆன்லைன் வகுப்பில் பத்து நிமிடத்தில் மனசு ஓடிவிடுகிறதே, டோபமைன் குறைவா?

கேள்வி கேட்டவர் நேரில் நன்றாகக் கவனிப்பாராம், லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் மனசு எங்கோ போய்விடுமாம். ஒரு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு டோபமைன் என்ற மூளை ரசாயனம் குறைவோ என்று பயந்திருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை, கொருக்குப்பேட்டையில் கணக்கு டியூஷன் எடுப்பவன். ஆனாலும் சொல்கிறேன், கோளாறு உங்கள் மூளையில் இல்லை, வகுப்பு நடக்கும் விதத்தில்தான்.

1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் டோபமைன் நரம்புச் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் செல்கள் துள்ளின. 'இந்த விளக்கு எரிந்தால் சாறு வரும்' என்று குரங்குக்குப் பழகிப்போன பிறகு, துள்ளல் விளக்கு எரியும்போதே வந்துவிட்டது. சாறு சொன்னபடி வந்தபோது ஒன்றும் இல்லை. வர வேண்டிய சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தச் செல்கள் கணக்குப் பார்க்கின்றன. 'இன்ப ரசாயனம்' என்று எல்லாரும் சொல்வது பாதிக் கதை.

இப்போது ஆன்லைன் வகுப்பை யோசியுங்கள். யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை, நீங்களும் எதையும் ஊகிக்கப் போவதில்லை. அப்புறம் வித்தியாசம் எங்கிருந்து வரும்?

2020இல் பள்ளிகள் மூடியதும் என் டியூஷனும் போனுக்குள் போனது. பதினாலு பிள்ளைகள், எல்லாரும் வீடியோவை அணைத்துவிட்டு ம்யூட்டில். ஒரு கணக்கை முழுசாகப் போட்டுவிட்டு "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது சார்" என்று இரண்டு குரல் வரும். தினமும் அதே இரண்டு குரல். அதை வகுப்பு என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. 2021 பிப்ரவரியில் 9, 10, 11ஆம் வகுப்புகளுக்கு ஆல் பாஸ் என்று அறிவித்தார்களா, பதினாலு பேர் ஐந்தாகிவிட்டார்கள். படித்தாலும் பாஸ், படிக்காவிட்டாலும் பாஸ். குரங்குக்குச் சாறு உறுதியாகிவிட்டது.

மிச்சம் இருந்தவர்களிடம் முறையை மாற்றினேன். நான் விடை சொல்வதற்கு முன் ஆளுக்கொரு எண்ணை அனுப்ப வேண்டும், தப்பானாலும் பரவாயில்லை. "வட்டத் தோசையின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால், தடிமன் மாறாவிட்டால், மாவு எத்தனை மடங்கு?" நாலு பேர் 2 என்றார்கள். விடை 4 என்றதும் ம்யூட் எல்லாம் திறந்துகொண்டது. "எப்டி சார் நாலு?" "அப்போ ஓட்டல்காரருக்கு நஷ்டம் சார்!" கால் மணி நேரம் தோசைச் சண்டை.

2013இல் ஸ்புனார், கான், ஷாக்டர் மூவரும் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. 21 நிமிடப் புள்ளியியல் வீடியோவை நாலு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் ஒரு குட்டிப் பரீட்சை வைத்தார்கள். பரீட்சை எழுதியவர்களுக்கு மனசு அலைவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே பாகத்தைத் திரும்பப் படித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஆகவே நீங்களும் வீடியோவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பார்த்ததை மூடிவைத்து எழுதுங்கள், அடுத்து என்ன வரும் என்றும் ஒரு வரி ஊகித்துவிட்டு ஓட விடுங்கள்.

எல்லாவற்றையும் மூளை தலையில் கட்டவும் கூடாது. காசிமேட்டுப் பெண் ஒருத்தி வகுப்புக்கே வரமாட்டாள். அவளுக்கு ஆர்வம் இல்லை என்று அவள் அம்மாவிடம் நானே சொல்லியிருக்கிறேன். விசாரித்தால், வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அண்ணன் வேலைக்கு எடுத்துப்போவது. சரி என்று, காலையிலேயே கேள்வியை அனுப்பிவிட்டு இரவுவரை விடையைச் சொல்லாமல் வைத்தேன். பத்து மணிக்கு அண்ணன் வந்ததும் அவள் ஊகம் வரும், பத்து ஐந்துக்கு இன்னொரு மெசேஜ்: "சார், விடை போடுங்க சார், தூக்கம் வரல."