மாற்றம் பற்றிப் பேச நூலாசிரியரை அழைக்கிறீர்களா?

வாசகர் கேள்வி – பதில்: நிர்வாகப் பக்கம்

எங்கள் நிறுவனத்தில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கப் போகிறோம். கூடவே புதிய மென்பொருளும் வருகிறது. ஆண்டுக் கூட்டத்தில், பணியிட மாற்றம் பற்றிப் புத்தகம் எழுதிய ஒருவரைச் சிறப்புப் பேச்சாளராக அழைக்கலாம் என்கிறார் நிர்வாக இயக்குநர். கட்டணம் பெரிய தொகை. பலன் இருக்குமா? – மனிதவள மேலாளர்

இருக்கும். ஆனால் அது பேச்சாளர் வருவதற்கு முன் நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நல்ல உரை ஒன்று இரண்டு காரியங்களைச் செய்யும். அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே சொற்களைக் கொடுக்கும். மறுநாள் சூப்பர்வைசரும் ஊழியரும் ஒரே பொருளில் பேசிக்கொள்வார்கள். "பழைய வேலையை விட்டுவர மனம் வரவில்லை" என்று வெளியே சொல்லத் தயங்கியவருக்கு, அது குற்றமல்ல என்ற தைரியத்தையும் கொடுக்கும். என் மேலதிகாரி இனி யார், என் வேலை இருக்குமா என்பதற்கெல்லாம் எந்த எழுத்தாளராலும் பதில் சொல்ல முடியாது. ஊழியர் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதோ அந்தக் கேள்விகள்தான்.

எனவே தேதி குறிக்கும் முன் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள். யார் யாரிடம் ரிப்போர்ட் செய்வார்கள்? வேலை இழப்பு உண்டா, இல்லையா? எந்தத் தேதியிலிருந்து? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இந்த நான்குக்கும் ஊழியர்களிடம் பதில் போய்ச் சேர்ந்திருந்தால் பேச்சாளரை அழையுங்கள். இரண்டுக்கு மட்டும் பதில் இருந்தால் கூட்டத்தைத் தள்ளிவையுங்கள். பதில் தெரியாத கேள்வியோடு உட்கார்ந்திருப்பவரிடம் "மாற்றத்தை அரவணையுங்கள்" என்றால், தன்னைச் சமாதானப்படுத்த ஆள் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்காவில் பைஜாமா தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் கோக், ஃபிரெஞ்ச் என்ற இருவர் செய்த ஆய்வு 1948இல் வெளியானது. வேலை முறையை மாற்றும்போது ஒரு குழுவுக்கு அறிவிப்பும் விளக்கமும் மட்டும் கொடுத்தார்கள். வேறு குழுக்களில் எல்லோரையும் உட்காரவைத்து, புதிய முறையை எப்படி அமைக்கலாம் என்று கேட்டார்கள். விளக்கம் மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது, எழவில்லை; முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். கலந்து பேசிய குழுக்கள் விரைவில் மீண்டு பழைய அளவையும் தாண்டின. சிறப்புரை என்பது எவ்வளவு நன்றாக இருந்தாலும் விளக்கம்தான். அதன் பின்னால் கலந்து பேசும் கூட்டம் ஒன்று தேதியோடு காத்திருக்க வேண்டும்.

நல்ல எழுத்தாளர் நல்ல பேச்சாளராகவும் இருப்பாரா? எதைப் பார்த்து முடிவு செய்வது? – பயிற்சிப் பிரிவு அலுவலர்

இரண்டும் வேறு வேறு திறமை. புத்தகத்தில் வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். மேடையில் அது நடக்காது. அனுப்பித்தரும் மூன்று நிமிட ஷோரீலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கைதட்டல் வந்த இடங்களை மட்டும் வெட்டி ஒட்டியது அது. வெட்டாத வீடியோவாகத் தொடர்ந்து 40 நிமிடம் கேட்டு வாங்குங்கள். அதில் 20ஆவது நிமிடத்துக்கு மேல் பாருங்கள். மனப்பாடமான தொடக்கம் தீர்ந்து, ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிவது அங்கேதான். கேள்வி-பதில் பகுதி இருந்தால் இன்னும் நல்லது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரா, தன் அடுத்த கதைக்குத் தாவுகிறாரா என்று கவனியுங்கள்.

புத்தகத்தை யாராவது ஒருவர் முழுதாகப் படிக்க வேண்டும். பின்னட்டையும் முன்னுரையும் போதாது. மாற்றம் தோற்றுப்போன ஓர் இடத்தையாவது அவர் நேர்மையாக எழுதியிருக்கிறாரா? உதாரணங்கள் எல்லாம் தலைமை அதிகாரியின் பார்வையிலேயே இருக்கின்றனவா? அப்படியானால் உங்கள் ஷிஃப்ட் ஊழியர்களிடம் அவர் பேச்சு எடுபடாது. மேலாளர்கள் மட்டும் இருக்கும் கூட்டத்துக்குப் பொருந்தலாம்.

தொலைபேசியில் பேசும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது: "புத்தகம் வெளிவந்த பிறகு எந்தக் கருத்தை மாற்றிக்கொண்டீர்கள்?" ஒன்றுமில்லை என்றால் அவர் அந்தத் துறையில் இப்போது வேலை செய்யவில்லை, சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது: "70 சதவீத மாற்ற முயற்சிகள் தோற்கின்றன என்கிறார்களே, அதற்கு ஆதாரம் என்ன?" மேடைகளில் தேய்ந்துபோன எண் இது. மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் 2011இல் இந்த எண்ணைச் சொன்ன ஐந்து வெளியீடுகளைத் தேடிப்பிடித்துப் பார்த்து, எதிலும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினார். இதை அறிந்தவர் அந்த எண்ணை ஸ்லைடில் போடமாட்டார். போடுகிறவர் மற்ற எண்களையும் சரிபார்த்திருக்க மாட்டார் என்பது எங்கள் கணிப்பு.

ஒருவரிடம் முறை ஒன்று இருப்பது நல்லதுதான். உளவியலாளர் குர்ட் லெவின் 1947இல் சொன்ன உருக்குதல், மாற்றுதல், உறையவைத்தல் என்ற மூன்று நிலையிலிருந்து நிர்வாகவியல் பேராசிரியர் ஜான் காட்டரின் எட்டுப் படிகள் வரை, பேச்சாளர்கள் ஏதோ ஒன்றைத் தழுவித்தான் பேசுவார்கள். தழுவியது எது என்று வெளிப்படையாகச் சொல்கிறவரை நம்பலாம்.

முன்பு அழைத்தவர்களிடம் விசாரிக்கும்போது "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "அருமை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும், எத்தனை மணிக்கு முடித்தார்? உங்கள் நிறுவனத்தைப் பற்றி என்ன சொன்னார்? அவர் சொன்னதில் எது இன்றும் அலுவலகத்தில் பேசப்படுகிறது? இந்த மூன்றும் போதும்.

ஏஜென்சி வழியாக அழைப்பதா, நேராகவா?

பெரும்பாலும் ஏஜென்சியின் கமிஷன் பேச்சாளரின் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் நேரில் போனால் மலிவு என்று நினைக்க வேண்டாம். பேச்சாளருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்று ஆள் தேடித் தருவது ஏஜென்சியால் கிடைக்கும் உண்மையான நன்மை. ஏஜென்சி வழியாகப் போனாலும், நிகழ்ச்சிக்கு முன் பேச்சாளருடன் நேரடியாக ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். இடைத்தரகர் வாய்வழியாகப் போகும் தகவல் பாதிதான் போய்ச்சேரும்.

பேச்சாளருக்கு என்னென்ன தகவல் கொடுக்க வேண்டும்? போன முறை வந்தவர் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பொதுவான பேச்சு ஒன்றைப் பேசிவிட்டுப் போய்விட்டார். – நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்

பொதுவான தகவல் கொடுத்தால் பொதுவான பேச்சுதான் வரும். "எங்கள் ஊழியர்களுக்கு மாற்றத்தை ஏற்கும் மனப்பான்மை வர வேண்டும்" என்று பல நிறுவனங்கள் எழுதி அனுப்புகின்றன. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"அரங்கில் 240 பேர். 150 பேர் கிடங்கிலும் அனுப்புகைப் பிரிவிலும் வேலை செய்பவர்கள். பாதிப் பேர் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வருகிறார்கள். 3 ஆண்டுகளுக்கு முன் கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, 5 மாதத்தில் கைவிட்டோம். காரணம் சொல்லவில்லை. 'இதுவும் அதுபோல்தான்' என்கிறார்கள். புதிய முறையில் சரக்குப் பதிவு செய்ய முதல் சில வாரம் இருமடங்கு நேரம் ஆகும். அது எங்களுக்கும் தெரியும். உரை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் வேலையில் எது தடுமாறும் என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதுதான் எங்களுக்கு வேண்டியது."

இதில் கடைசி வரி முக்கியம். கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் பேச்சாளர் அதை நோக்கி உரையைக் கட்டுவார். மறைத்துவைக்க ஆசைப்படும் வரியான அந்தக் கையடக்கக் கருவித் தோல்வியையும் கட்டாயம் எழுதுங்கள். அரங்கில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று மேடையில் நிற்பவருக்கு மட்டும் தெரியாவிட்டால், அவர் வாய் திறக்கும் முன்பே பேச்சு தோற்றுவிடும்.

குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதோடு மூன்று பேரிடம் தனித்தனியாக 20 நிமிடம் பேச அவருக்கு ஏற்பாடு செய்யுங்கள்: ஒரு சூப்பர்வைசர், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகாத ஒருவர், போன முயற்சியில் அடிபட்ட ஒருவர். மேலாளர் பக்கத்தில் உட்காரக் கூடாது. உங்கள் ஊழியர்களுக்கு எரிச்சலூட்டும் சொற்களையும் எழுதிக் கொடுங்கள். "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்பது சில இடங்களில் பழைய ஆட்குறைப்பின்போது சொன்ன வார்த்தையாக இருக்கும்.

ஒரு வாரம் முன்பு ஸ்லைடுகளைக் கேட்பது வழக்கம். அதைவிட, எந்த மூன்று உதாரணங்களைச் சொல்லப் போகிறார் என்று கேளுங்கள். ஸ்லைடில் தலைப்புகள்தான் இருக்கும், பேச்சின் உயிர் உதாரணத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் 40 நிமிடம் பேச்சு, 15 நிமிடம் கேள்வி, 5 நிமிடம் அவரை அறிமுகப்படுத்த. அந்த அறிமுகம் நீண்டுபோய்க் கேள்வி நேரத்தைத் தின்பதுதான் நாம் எங்கும் காண்பது.

ஒப்பந்தத்தில் எதைத் தவறவிடுகிறார்கள்?

கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லோரும் எழுதிவிடுவார்கள். சண்டை வருவது வேறு இடங்களில். வீடியோ பதிவு முதலாவது: பதிவு செய்யலாமா, யார் பார்க்கலாம், எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்று எழுதாவிட்டால், வர முடியாத ஊழியர்களுக்கு அனுப்பும்போது தனிக்கட்டணம் கேட்பார்கள். நீங்கள் தேதி மாற்றினால் என்ன, அவர் வராவிட்டால் என்ன என்று இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதுங்கள். "முன்பணம் திரும்பாது" என்ற ஒரு வரி பல ஒப்பந்தங்களில் இரண்டுக்கும் சேர்த்து இருக்கும். அவர் வராவிட்டால் முழுதும் திரும்ப வேண்டும். நீங்கள் கொடுத்த உள்விவரங்களை அவர் அடுத்த புத்தகத்திலோ மேடையிலோ பயன்படுத்தக் கூடாது என்பதும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர் என்றால் விசா வகையும் வரிப் பிடித்தமும் கணக்குப் பிரிவைக் கேட்டு முடிவாகட்டும். கட்டணம் வரி பிடிப்பதற்கு முந்தியதா பிந்தியதா என்று ஒரு வார்த்தை எழுதாமல் விட்டு, கடைசியில் கூடுதல் தொகையை நிறுவனமே கட்ட நேரும்.

புத்தகம் வாங்குவதைக் கட்டணத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். தவறில்லை. ஆனால் பெயர் கேட்டு எழுதிக் கையெழுத்திட ஒருவருக்கு அரை நிமிடம் என்றாலும் 200 பேருக்கு 100 நிமிடம். முன்பே கையெழுத்திட்டு வாங்கிவிடுங்கள்.

போன ஆண்டு இப்படி ஒருவர் வந்து "மாற்றத்தைக் கண்டு அஞ்சாதீர்கள்" என்று பேசினார். மூன்றே வாரத்தில் எங்கள் பிரிவில் பலரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இந்த ஆண்டு ஏற்பாட்டுக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். என்ன முகத்தோடு நண்பர்களை அழைப்பேன்? – ஓர் ஊழியர்

உங்கள் கோபம் நியாயமானது. அன்று பேசியவருக்கே ஆட்குறைப்பு வருவது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்திருந்த நிர்வாகம் அவரை முன்னே நிறுத்தியது தவறு.

குழுவில் இருப்பதால் உங்களால் ஒன்று செய்ய முடியும். எழுத்தில் இரண்டு கேள்விகளை வையுங்கள்: "அடுத்த 6 மாதத்தில் ஆட்குறைப்புத் திட்டம் இருக்கிறதா? இருந்தால் அது பேச்சாளருக்குச் சொல்லப்படுமா?" சொல்ல முடியாது என்று பதில் வந்தால், அந்தக் கூட்டத்தில் மாற்றம் என்ற தலைப்பே வேண்டாம் என்று வாதாடுங்கள். வேலையிடத்தில் விபத்து தவிர்ப்பு, கணினித் திறன் என்று வேறு தலைப்பு வைக்கலாம். திட்டம் இல்லை என்றால் அதை நிர்வாக இயக்குநர் பேச்சாளருக்கு முன் மேடையில் தன் வாயால் சொல்லட்டும். போன ஆண்டு நடந்ததையும் அவரே குறிப்பிடட்டும். அந்த இரண்டு நிமிடம் இல்லாமல் யார் வந்து பேசினாலும் உங்கள் நண்பர்கள் காதில் ஏறாது.

எங்கள் ஊழியர்கள் இரண்டு மொழி பேசுபவர்கள். மொழிபெயர்ப்பாளர் வைக்கலாமா?

வையுங்கள். பேச்சாளர் நிறுத்தி நிறுத்திப் பேச, பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்த்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 40 நிமிட உரையை 20 நிமிடமாகச் சுருக்கச் சொல்ல வேண்டும். காதுக்கருவி வழியாக உடனுக்குடன் மொழிபெயர்ப்பது என்றால் இரண்டு பேர் தேவை. 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒருவரே தொடர்ந்தால் தவறுகள் கூடும். உரைக்குறிப்பும் உங்கள் நிறுவனத்துக்கே உரிய சொற்பட்டியலும் 3 நாள் முன்பு அவர்கள் கையில் இருக்கட்டும். பேச்சாளருக்குக் காலர் மைக், கேள்வி கேட்பவர்களுக்குத் தனியாக இரண்டு கை மைக். மைக் இல்லாமல் எழுந்து கேட்கும் கேள்வி மொழிபெயர்ப்பாளர் காதுக்கே போகாது.

பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது? – மனிதவள மேலாளர்

வாசலில் நிரப்பச் சொல்லும் படிவம், பேச்சு பிடித்ததா என்பதை மட்டும் சொல்லும். 30 நாள் கழித்து 12 பேரை, பிரிவுக்கு இரண்டு மூன்று பேராகப் பார்த்துக் கேளுங்கள்: "அன்று கேட்டதில் எது நினைவிருக்கிறது? அதற்குப் பிறகு எதையாவது வேறு விதமாகச் செய்தீர்களா? உங்கள் மேலாளர் அதைப் பற்றிப் பேசினாரா?" மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலோர் "இல்லை" என்றால் பேச்சாளரைக் குறை சொல்ல வேண்டாம். மேலாளர்களைக் கூப்பிட்டு, உரை நடந்த அன்று ஊழியர்கள் எழுதித் தந்த தாள்கள் எங்கே என்று கேளுங்கள்.